ஷாக் வாங்கும் முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள்: பழைய பஜேரோவில் கற்றது

என்னிடம் இருப்பது இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோ, நீள வீல்பேஸ், டீசல். 1991-ல் அறிமுகமான வடிவம். முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் மேல், கீழ் இரண்டு ஆர்ம்), அதைத் தாங்க டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி). பின்பக்கம் முழு ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), காயில் ஸ்பிரிங். பாடியும் சேஸிஸும் தனித்தனியாக இருக்கும் வண்டி. 1999-ல் வந்த அடுத்த தலைமுறையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் இந்தப் பழைய வண்டியை இன்னும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள், நானும் ஒருவன். இதற்கு நான்கு ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது நிறையப் படித்தேன், அளந்தேன், பலரிடம் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். டார்ஷன் பார் பற்றிய பகுதியைத் தவிர மற்றவை எந்தப் பழைய எஸ்யூவிக்கும் பொருந்தும்.

முதலில், ஷாக் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? வண்டியின் மூலையில் அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த முறை. சிறிய காரில் அது ஓரளவு பயன்படும். இரண்டு டன் எடையுள்ள, விறைப்பான ஸ்பிரிங் போட்ட வண்டியில் ஒரு ஆள் எவ்வளவு அழுத்தினாலும் சில சென்டிமீட்டருக்கு மேல் இறங்காது. ஷாக் பாதி செத்திருந்தாலும் வண்டி ஒரே ஆட்டத்தில் நின்றுவிடும். இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் இறுகிப்போயிருந்தால் ஆடவே ஆடாது. அதனால் அந்தச் சோதனையில் தேறியதை வைத்து நிம்மதி அடைய முடியாது.

எனக்கு உறுதியாகக் காட்டிக்கொடுத்தது சூடு. ஷாக் செய்யும் வேலையே ஸ்பிரிங்கின் ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். பிஸ்டன் எண்ணெயை வால்வு வழியாகத் தள்ளும்போது எண்ணெய் சூடாகிறது, அந்தச் சூடு வெளிக்குழாய்க்கு வருகிறது. மேடு பள்ளமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு ஷாக்கையும் தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியால் சட்டென்று தொட்டு எடுக்க வேண்டும், சில சமயம் நன்றாகவே சுடும். முன்பக்கம் இரண்டும் ஒரே மாதிரி கதகதப்பாக இருந்தன. பின்பக்கம் வலது சூடாக இருந்தது. பின்பக்க இடது கிட்டத்தட்ட காற்றின் வெப்பத்திலேயே இருந்தது. அந்த ஷாக் வேலையே செய்யவில்லை, அதன் பங்கையும் சேர்த்து வலது பக்க ஷாக் சுமந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சைலன்சர் குழாய் ஏதாவது ஒரு ஷாக்குக்குப் பக்கத்தில் போனால் அந்தப் பக்கத்துச் சூட்டை நம்ப முடியாது.

அடுத்த சாட்சி டயர். பின் இடது டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்று முழுக்கத் தடவினால் ஏற்ற இறக்கம் கையில் தெரிந்தது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. சக்கரம் சாலையில் ஒட்டி உருளாமல் துள்ளித் துள்ளி விழும்போது டயர் இப்படி இடம்விட்டு இடம் தேயும். வீல் பேலன்ஸ் சரியில்லை என்றாலும், வீல் பேரிங் ஆடினாலும் இதே மாதிரி தேயலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிட்டுத்தான் ஷாக் மேல் பழி போட வேண்டும். எண்ணெய்க் கசிவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிஸ்டனோடு சேர்ந்த தண்டு வெளியே வரும் இடத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பு. தண்டுக்கு உயவு கொடுக்க சீல் வழியாகத் துளி எண்ணெய் வந்துகொண்டேதான் இருக்கும். குழாயில் வழிந்து கீழ்ப்பாதி நனைந்திருந்தால் அது லீக்.

கிலோமீட்டர் கணக்கு கேட்பவர்களுக்கு: ஷாக் தயாரிப்பாளர்கள் 80,000 கிலோமீட்டரில் சோதிக்கவோ மாற்றவோ சொல்வது வழக்கம். நெடுஞ்சாலையிலேயே ஓடிய வண்டிக்கு அதைத் தாண்டியும் உழைக்கும், கல் பாதையில் ஓடியதற்கு அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் எண்ணைவிட சூட்டையும் டயரையும் நம்புவது நல்லது.

சரி, மாற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டது. உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி எந்த பிராண்ட், எந்த மாடல் என்பதுதான். அந்தக் கேள்வியை நான் வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். எந்த ஸ்பிரிங்கை, எவ்வளவு எடையோடு அடக்கப்போகிறது என்று தெரியாமல் ஷாக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அதனால் அளவு நாடாவோடு ஆரம்பித்தேன். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுத்துவிடும். என் வண்டியில் முன்பக்கம் இரண்டும் இருக்க வேண்டியதைவிட உயரமாக இருந்தன. பின்பக்கம் இரண்டுமே தாழ்ந்து, இடது இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. கீழே எட்டிப் பார்த்தால் கதை விளங்கியது. முந்தைய உரிமையாளர் டார்ஷன் பார் போல்ட்டை நன்றாக முறுக்கி முன்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார். பின்பக்க ஸ்பிரிங் மாற்றப்பட்டதற்கான அடையாளமே இல்லை.

இந்த டார்ஷன் பார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பழைய வண்டிகள் இதில்தான் கெடுகின்றன. போல்ட்டை முறுக்கினால் பார் விறைப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாரின் விறைப்பு அதன் தடிமனையும் நீளத்தையும் பொறுத்தது, முறுக்குவதால் அது மாறாது. மாறுவது உயரம் மட்டும்தான். சஸ்பென்ஷனின் மொத்த ஓட்டம் மாறாத அளவு. வண்டியை 40 மில்லிமீட்டர் தூக்கினால், சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரத்தில் அதே 40 மில்லிமீட்டர் குறைந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மேல் ஆர்ம் சட்டென்று தன் நிறுத்தத்தில் மோதும். அல்லது ஷாக் முழுதாக நீண்டு உள்ளுக்குள் இடிக்கும். ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும். ஓட்டுபவர் ஷாக் போய்விட்டது என்று நினைத்து புது ஷாக் போடுவார், அதுவும் அதே இடியை வாங்கி சீக்கிரம் லீக் ஆகும். அதனால் சர்வீஸ் கையேட்டில் உள்ள உயரத்துக்கு முன்பக்கத்தைத் திரும்ப இறக்கினேன். இறக்கியதுமே, பழைய ஷாக்கோடேயே, முன்பக்கத்து முரட்டுத்தனம் பாதி போய்விட்டது. ஷாக் வாங்கிய பிறகு இதைச் செய்திருந்தால் அந்தப் பெருமை புது ஷாக்குக்குப் போயிருக்கும்.

அப்புறம் எடை. எடை மேடையில் முழு வண்டியையும் எடை போடலாம், முன் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பிறகு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் போடலாம். இரண்டாவதுதான் நமக்குத் தேவை. காலி வண்டியாக ஒரு தடவை, வழக்கமாக நெடும்பயணம் போகும்போது எவ்வளவு ஏற்றுவோமோ அத்தனையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து இன்னொரு தடவை. ஏற்றிய எடையில் பெரும்பகுதி பின் ஆக்சிலில் போய் விழுந்திருந்தது. மூன்றாம் வரிசை இருக்கையும் சாமான் வைக்கும் இடமும் பின் ஆக்சிலுக்கு மேலேயோ அதற்குப் பின்னாலோ இருப்பதுதான் காரணம். ஆக்சிலுக்குப் பின்னால் வைக்கும் எடை முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கவும் செய்யும். முன்பக்கத்தில் இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) மாட்டிய வண்டி என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அவர்களுக்கு எப்போதும் முன்பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமமான எடை, சில சமயம் அதற்கும் மேல். ஆகவே ஒரே மாடல் வண்டி வைத்திருக்கும் இரண்டு பேருக்கு ஒரே ஷாக் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. இன்னொருவர் தன் வண்டிக்கு அருமையாக இருக்கிறது என்று சொல்வதை வைத்து வாங்குவதில் உள்ள சிக்கல் இதுதான்.

என் நிலைமை இப்போது தெளிவாகிவிட்டது. பின்பக்கத்துக்கு முதலில் புது ஸ்பிரிங் வேண்டும், தொழிற்சாலை அளவைவிட ஒரு படி மட்டும் கூடுதல் தாங்கும் வகை. எப்போதும் 400 கிலோ ஏற்றி ஓடும் வண்டிக்கான ஸ்பிரிங்கைக் காலியாக ஓடும் வண்டியில் போட்டால் பின்பக்கம் குதிரையாகத் துள்ளும். அதை அடக்க எந்த ஷாக்காலும் முடியாது. ஸ்பிரிங் முடிவான பிறகு ஷாக்.

இந்த இடத்தில் நண்பர் ஒருவரின் வண்டியைச் சொல்லியாக வேண்டும். அவருடையதும் பழைய எஸ்யூவிதான். படுத்துப்போன ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, சந்தையில் கிடைத்ததிலேயே கடினமான ஷாக்கைப் போட்டிருந்தார். தார்ச் சாலையில் வளைவுகளில் வண்டி உண்மையிலேயே உறுதியாக நின்றது. வரிசையாகக் குழிகள் இருந்த மண் பாதைக்கு வந்ததும் ஓட்டம் மாறியது. முதல் இரண்டு மூன்று குழி பரவாயில்லை, அப்புறம் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பலமாக இடித்தது. காரணம் இதுதான்: ஷாக் நீளும்போது கொடுக்கும் தடை மிக அதிகம், ஸ்பிரிங்கோ பலவீனம். ஒரு குழியில் அமுங்கிய சக்கரம் முழுதாக நீண்டு திரும்புவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. ஒவ்வொரு குழியிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில், முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்க வைத்திருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேலேயே ஓடுகிறது. அவர் அதை ஷாக் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் கடினமானதைத் தேடிக்கொண்டிருந்தார். அங்கே தேவைப்பட்டது புது ஸ்பிரிங்கும், அதற்கேற்ற மென்மையான ஷாக்கும்.

இனி வகைகளுக்கு வருவோம். கடைசியில் முடிவு செய்ய வேண்டியது இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயா என்பதைத்தான்.

இரட்டைக் குழாயில் பிஸ்டன் உள்குழாயில் ஓடும். வெளிக்குழாய்க்கும் உள்குழாய்க்கும் நடுவே மிச்ச எண்ணெயும், மேலே கொஞ்சம் காற்றோ நைட்ரஜனோ இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வந்தது காற்று மட்டுமே உள்ள எண்ணெய் ஷாக். விடாமல் ஆடினால் எண்ணெயில் காற்று கலந்து நுரைத்து, தடை குறைந்துவிடும். அந்த இடத்தில் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனை நிரப்பினால் நுரைப்பது வெகுவாகக் குறையும். கே.ஒய்.பி.-யின் எக்செல்-ஜி இந்த வகை. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு விற்கும் நைட்ரோசார்ஜரும் இரட்டைக் குழாய்தான். இந்த வடிவத்துக்கு எஸ்யூவியில் ஒரு பெரிய நன்மை உண்டு. கல் தெறித்து வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாயில் பிஸ்டன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒற்றைக் குழாயில் ஒரே குழாய்தான். எண்ணெய்க்கும் வாயுவுக்கும் நடுவே நகரும் தடுப்புப் பிஸ்டன் ஒன்று இருக்கும். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் பூர்சியே த கார்போன் உருவாக்கிய இந்த வடிவத்தை பில்ஸ்டைன் நிறுவனம் 1957-ல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காகத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. குழாய் நேராகக் காற்றில் படுவதால் சூடு சீக்கிரம் இறங்கும். ஒரே வெளி அளவில் பெரிய பிஸ்டன் வைக்கலாம், பில்ஸ்டைனின் 4600, 5100 வரிசைகளில் பிஸ்டன் 46 மில்லிமீட்டர். எண்ணெயும் வாயுவும் கலக்கவே கலக்காது என்பதால் தலைகீழாகவும் மாட்டலாம். நீண்ட நேரம் கரடுமுரடான பாதையில் வேகமாக ஓட்டுபவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் குழாயில் ஒரு நசுங்கல் விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் மறந்துவிடக் கூடாது. ஒற்றைக் குழாயில் பொதுவாக 20 முதல் 30 பார் (அழுத்தத்தின் அலகு), அதாவது கார் டயரில் இருப்பதைப் போல சுமார் பத்து மடங்கு. அந்த அழுத்தம் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 14 மில்லிமீட்டர் தண்டு, 25 பார் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஷாக்குக்கு ஏறத்தாழ 40 கிலோ தள்ளு விசை. வண்டி சில மில்லிமீட்டர் உயரும். சின்னச் சின்ன மேடுகளில் ஓட்டம் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும். முதுகுவலி உள்ளவர் பின் இருக்கையில் பயணம் செய்யும் குடும்பத்துக்கு அது பிடிக்காது.

கடினம் மாற்றக்கூடிய வகைகளையும் பார்த்தேன். ராஞ்சோ ஆர்.எஸ்.9000 எக்ஸ்.எல்.-ல் குழாயிலேயே திருகும் குமிழ் இருக்கிறது, ஒன்பது நிலை. ஒரு நாள் காலியாகவும் மறுநாள் முழு எடையோடும் ஓடும் வண்டிக்கு அது நிஜமாகவே பயன்படும். கோனி ஹெவி டிராக்கில் ஷாக்கைக் கழற்றி, முழுக்க அமுக்கித் திருகித்தான் மாற்ற முடியும், அதுவும் நீளும்போது உள்ள தடையை மட்டும். ஷாக் வயதாகி இளகும்போது இறுக்கிக்கொள்ள அது நல்ல வழி.

நான் எடுத்தது எக்செல்-ஜி. என் வண்டி பெரும்பாலும் தார்ச் சாலையில் போகிறது, நடுவில் மண் பாதை வரும், எப்போதாவது முழு எடை ஏறும். ஒற்றைக் குழாயின் சூடு தாங்கும் திறன் எனக்குத் தேவைப்படும் அளவுக்கு நான் ஓட்டுவதில்லை. தேவைப்படாத திறனுக்காகத் தினசரி ஓட்டத்தின் மென்மையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வாங்கும் முன் நீளத்தைச் சரிபார்ப்பது கட்டாயம். ஸ்பிரிங் மாற்றி உயரம் கூடியிருந்தால் இன்னும் கட்டாயம். மூன்று அளவு வேண்டும். வண்டி சும்மா நிற்கும்போது ஷாக்கின் மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் உள்ள தூரம், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது உள்ள தூரம், பம்ப் ஸ்டாப் முழுக்க அமுங்கும்போது உள்ள தூரம். மூன்றாவதை அளக்கச் சிரமமாக இருந்தால், ரப்பருக்கும் அது மோதும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ரப்பர் பாதியாக அமுங்கும் என்று வைத்துக் கணக்கிடலாம். ஷாக்கின் சுருங்கிய நீளம் அந்த மூன்றாவது அளவைவிடக் குறைந்தது 10, 15 மில்லிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப் செய்ய வேண்டிய வேலையை ஷாக்கின் அடிப்பகுதி செய்யும், ஒரே பள்ளத்தில் ஷாக்கின் உயிர் போய்விடும். நீண்ட அளவையும் பாருங்கள். முழு ஆக்சில் வண்டிகள் பலவற்றில் ஆக்சில் கீழே தொங்குவதை நிறுத்துவதே ஷாக்தான். அங்கே ஷாக் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவலாம், பிரேக் ஹோஸ் இழுபடலாம்.

பார்ட் எண்ணை மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள், சேஸிஸ் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். பஜேரோவிலேயே குட்டை வீல்பேஸுக்கும் நீளத்துக்கும் வேறுபாடு இருக்கலாம். ஓட்டுநர் அருகிலேயே ஷாக்கின் கடினத்தை மாற்றும் சுவிட்ச் வைத்த பதிப்புகளும் இந்தத் தலைமுறையில் உண்டு. அவற்றின் ஷாக் தலையில் மின் இணைப்பு இருக்கும், சாதாரண ஷாக்கை அப்படியே மாற்றிப் போட முடியாது. பெட்டியைத் திறந்ததும் குழாயில் பொறித்த எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வெல்டிங் சீராக இருக்கிறதா, புஷ் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த ஷாக்கில் ரப்பர் வறண்டிருக்கும்.

கடையில் கையால் அமுக்கிப் பார்த்து ‘நல்லா டைட்டா இருக்கு’ என்று சொல்வதற்கு அதிக அர்த்தமில்லை. கையால் நாம் தரும் வேகம் மிகக் குறைவு, சக்கரம் பள்ளத்தில் விழும் வேகம் அதைப் போலப் பல மடங்கு. அந்த வேகத்தில் வேறு வால்வுகள் திறக்கும். கையால் கண்டுபிடிக்கக்கூடியது சில குறைகளை மட்டும்தான். என் பழைய பின் இடது ஷாக்கைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து மெதுவாக இழுத்தேன். கொஞ்ச தூரம் எந்தத் தடையும் இல்லாமல் வந்தது, அப்புறம் திடீரென்று பிடித்தது. உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டதற்கு அது அடையாளம். வாயு ஷாக்கை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் தண்டு தானாக மெல்ல வெளியே வர வேண்டும், வராவிட்டால் வாயு போய்விட்டது. பழைய எண்ணெய் ஷாக்கில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுக் கெட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அதற்குத் தானாக வரும் பழக்கமே கிடையாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. வண்டியை ஜாக்கியில் மட்டும் விட்டு அடியில் போகக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். காயில் ஸ்பிரிங் ஆக்சிலில் ஷாக்கைக் கழற்றும் முன் ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும், இல்லையென்றால் அது சட்டென்று கீழே இறங்கிவிடும். பழைய வண்டியில் மேல் நட் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டேன், மறுநாள் இன்னொரு தடவை அடித்தேன். தீ வைத்துச் சூடாக்கி எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வாயு நிரப்பிய ஷாக் பக்கத்தில் தீயைக் கொண்டுபோகவே கூடாது. நட் வரவில்லை என்றால் நட்டை வெட்டி எடுங்கள்.

தண்டு சுற்றாமல் இருக்க, பளபளக்கும் பகுதியைப் பிளையரால் பிடித்து நட் இறுக்குவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். தண்டில் விழும் அந்தச் சின்னக் கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். புது ஷாக் வந்த வேகத்தில் லீக் ஆனது என்று குறை சொல்பவர்கள் முதலில் தண்டைப் பார்க்க வேண்டும். தண்டின் நுனியில் சாவி பிடிக்க இடம் இருக்கும், அதில் பிடிக்க வேண்டும். மேலே ரப்பர் புஷ் வைத்து மாட்டும் வகை என்றால், ரப்பர் லேசாகப் பிதுங்கி வாஷர் அகலத்துக்கு வரும்வரை இறுக்கினால் போதும். மேலும் இறுக்கினால் ரப்பர் நசுங்கி வேலை செய்யாது.

இரட்டைக் குழாய் ஷாக் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும். உள்குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மாட்டும் முன் நிமிர்த்தி வைத்து, மெதுவாக முழுக்க இழுத்து, மெதுவாக அமுக்கி, ஓட்டம் முழுக்க ஒரே சீரான தடை வரும்வரை செய்யுங்கள். புதுசு என்றாலும் முதல் சில இழுப்புகளில் வெற்றிடம் தெரியும், பயப்பட வேண்டாம். இதைச் செய்யாமல் மாட்டினால் ஆரம்பத்தில் ‘லொட லொட’ என்று சத்தம் வரும்.

நிறையப் பேர் தவறவிடும் விஷயம் கீழ் போல்ட். ரப்பர் புஷ் உள்ள கண்ணை (போல்ட் நுழையும் வளையத்தை), சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் முழுக்க இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையால் மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, கொஞ்சம் ஆட்டிவிட்டு, அப்புறம் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள்.

ஒரு ஆக்சிலில் ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் அடங்கினால், பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முடியாதவர்கள் முன் ஜோடி இப்போது, பின் ஜோடி பிறகு என்று செய்யலாம்.

மாற்றிய பிறகு என்ன ஆனது என்றால், வேகத்தடையைத் தாண்டிய பின் பின்பக்கம் ஒரு தடவை எழுந்து அமைதியாகிவிடுகிறது. பிரேக் போட்டால் மூக்கு கீழே போவது குறைந்தது. முழு எடையோடு போகும்போதும் ஹெட்லைட் மரக்கிளைகளைப் பார்ப்பதில்லை, அது முக்கியமாகப் புது ஸ்பிரிங்கின் வேலை. சின்னச் சின்ன ஒட்டுச் சாலைகளில் முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. ஷாக்கைக் குறை சொல்லும் முன் டயர் காற்றைப் பார்த்தேன். பழைய ஆட்டத்துக்கு ஈடாகக் கூட்டி வைத்திருந்த அழுத்தம் அப்படியே இருந்தது. கதவோர அட்டையில் உள்ள அளவுக்குக் குறைத்ததும் அந்த இறுக்கம் போய்விட்டது. கனரக வகை டயர் போட்டவர்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தெரியும், டயரின் பக்கச்சுவரே விறைப்பாக இருக்கும்.

முன்பக்கத்தில் மெதுவாகப் போகும்போது வந்த ‘டொக்’ சத்தம் மட்டும் போகவில்லை. அது ஷாக்கிலிருந்து வருகிறது என்று ஒரு பட்டறையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவரை வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துப் பார்த்தேன். ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்கில் விரலுக்கு அந்த அதிர்வு நன்றாகத் தெரிந்தது. லிங்க் புஷ் மாற்றியதும் சத்தம் நின்றது. பால் ஜாயிண்ட், ஆர்ம் புஷ், லிங்க் எல்லாவற்றையும் இப்படிக் கையால் தொட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகாது.

முன்பக்க உயரத்தை மாற்றியதால் வீல் அலைன்மென்ட் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இரட்டை விஷ்போனில் உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறிவிடும். புது ஸ்பிரிங் கொஞ்ச நாள் ஓடி உட்கார்ந்த பிறகு மறுபடி உயரம் அளந்துவிட்டுச் செய்தால் ஒரே தடவையில் முடியும். அதே சமயத்தில் ஷாக் நட், போல்ட் எல்லாவற்றையும் இன்னொரு தடவை டார்க் ஸ்பேனரால் சரிபாருங்கள். என் வண்டியில் மேல் நட்டுகள் இரண்டிலும் சிறிது இறுக்கம் குறைந்திருந்தது, புது ரப்பர் படிவதால் வருவது அது.

கழற்றிய பழைய ஷாக்குகளை வாயு இருக்கும் நிலையில் பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். வெட்டும்போதோ உருக்கும்போதோ வெடித்து யாரையாவது காயப்படுத்தும். அழுத்தத்தை வெளியேற்றி எண்ணெயை வடித்து எடுக்கத் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.